குறைபாடும் இயல்பும்: முதுமையின் என்பு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

முதுமையைக் காட்ட முற்படும் ஓவியனும் நாடகக்காரனும் முதலில் நாடுவது வளைந்த முதுகையே. கோலூன்றிக் கூனி நடப்பவள் கிழவி. அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நரையைப் போலவும் திரையைப் போலவும் கூனும் வயதோடு வருவதென்றே நெடுங்காலமாக நாம் கொண்டுவந்துள்ளோம். ஆயின் அம்முதுகை ஊடுகதிர்ப் படத்தில் நோக்கும் மருத்துவர் காண்பது பெரும்பாலும் வேறொன்று. முள்ளந்தண்டின் என்புகள் சில நொறுங்கி, முன்புறம் சப்பளிந்து ஆப்பு வடிவு கொண்டுள்ளன. அப்பெண் எங்கும் விழுந்தவளல்லள். வாளியைத் தூக்கியபோதோ, குனிந்து முற்றம் பெருக்கியபோதோ அவை முறிந்திருக்கலாம். அவற்றுட் பல, முறிந்தமை அறியப்படாமலே முறிந்தவை. எல்லாக் கூனும் இவ்வாறு தோன்றுவதன்று. தசைத் தளர்ச்சியும் முள்ளென்புகளுக்கு இடைப்பட்ட தட்டுகளின் தேய்வும் காரணமாதலுண்டு. எனினும் நாம் முதுமை எனப் பெயரிட்டு அமைந்துவிட்ட ஒன்றில் ஒரு பெரும்பகுதி, கவனிப்பாரற்ற முறிவுகளின் தொகுதியே என்பது இப்பொழுது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்துவிட்டது.

பெயரிடுதல் அற்ப காரியமன்று. ஒன்றை முதுமை என்றால் அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாகின்றது. நோய் என்றால் போக்க வேண்டும் என்றாகின்றது. இரண்டுக்கும் நடுவே அண்மைக் காலத்தில் 'குறைபாடு' என்ற சொல் வந்து அமர்ந்துள்ளது. விற்றமின் குறைபாடு, இரும்புச்சத்துக் குறைபாடு என்பனபோல ஓமோன் குறைபாடு. குறைந்திருப்பதை நிரப்புவதில் யாருக்கு ஆட்சேபம் இருத்தல் கூடும்? இச்சொல்லின் வலிமையும் அபாயமும் இதிலேயே உள்ளன. எந்த அளவை வைத்துக்கொண்டு நாம் குறைவு என்கின்றோம், அந்த அளவைத் தெரிவு செய்தவர் யாவர் என்னும் வினாக்களை அது எழவொட்டாமற் செய்துவிடுகின்றது. இனப்பெருக்க ஓமோன்கள் உடற்கொழுப்போடும் என்போடும் கொண்டுள்ள தொடர்பு, இவ்வினாவை ஆராய்வதற்கு வாய்ப்பானதொரு களம். மெய்யியலார் ஏட்டளவில் விவாதிக்கும் சிக்கல் ஒன்று இங்கே மாதரின் இடுப்பென்பில் வந்து நிற்கின்றது.

என்பைத் தூண் போன்றதொரு சடப்பொருளாகக் கருதுவதே பொதுவழக்கு. உண்மையில் அது இடையறாது இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வரும் உயிருள்ள இழையமாகும். பழைய என்பை அரித்தகற்றும் கலங்கள் ஒருபுறமும், புதிய என்பைப் படியவைக்கும் கலங்கள் மறுபுறமும் தொழிற்படுகின்றன. ஏறத்தாழ முப்பது வயதளவில் என்பின் திணிவு உச்சத்தை எட்டுகின்றது. அதன்பின் சில காலம் வரவும் செலவும் ஏறக்குறையச் சமனாகவே இருக்கும். சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் என்னும் ஓமோன், அரிக்கும் கலங்களின் பெருக்கத்தையும் ஆயுளையும் கட்டுக்குள் வைத்துக்கொள்வதே இதற்கு ஒரு முக்கிய காரணம். ஐம்பது வயதையொட்டிச் சூலகம் ஓய்ந்து மாதவிடாய் நிற்கும்போது அக்கட்டு அவிழ்கின்றது. கட்டும் கலங்கள் வேலையை நிறுத்திவிடுவதில்லை. இடிக்கும் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அடுத்துவரும் சில ஆண்டுகளில் முள்ளந்தண்டென்பின் அடர்த்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் குறைவதுண்டு. பின்னர் வேகம் தணியும், இழப்பு நிற்பதில்லை. 1940ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க மருத்துவர் புல்லர் ஓல்பிறைற் இத்தொடர்பை முதன்முதலில் தெளிவாக எடுத்துரைத்தார்.

இதே காலத்தில் கொழுப்பும் இடம்பெயர்கின்றது. இளமையில் இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் சேர்ந்த கொழுப்பு, மாதவிடாய் நின்ற பின்னர் வயிற்றறையின் உள்ளுறுப்புகளைச் சூழச் சேரத் தொடங்குகின்றது. எடை கூடுவதற்கு வயதே பெருங்காரணம். எடை சேரும் இடம் மாறுவதற்கே ஓமோனின் வீழ்ச்சி காரணம். உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பு நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழிகோலுவது. ஆனால் கொழுப்பைப் பகையாக மட்டும் நோக்குதலும் தவறாகும். கொழுப்பிழையத்தில் உள்ள நொதியமொன்று, அதிரீனற் சுரப்பி தரும் ஆண்பால் ஓமோன்களை ஈஸ்திரஜனாக மாற்றுகின்றது. சூலகம் ஓய்ந்தபின் பெண்ணின் உடலில் எஞ்சும் சிறிதளவு ஈஸ்திரஜனுக்கு இதுவே முதன்மையான ஊற்று. ஆகவே மெலிந்த உடலினளைக் காட்டிலும் தடித்த உடலினளிடம் அவ்வோமோன் மிகுதி. பொதுவாக என்பின் அடர்த்தியும் மிகுதி. அதே காரணத்தால் மார்பகப் புற்றுநோயும் கருப்பை உட்சுவரின் புற்றுநோயும் அவளிடத்து மிகுதி. ஒரே பொருள், ஒரே உடலில், ஓரிடத்தில் காப்பாகவும் இன்னோரிடத்தில் ஆபத்தாகவும் நிற்கின்றது. இக்கட்டுரையின் பிற்பகுதியில் இவ்வுண்மைக்கு நாம் மீளவேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கு கூறல் தகும். என்பு உடலைத் தாங்குவதற்காக மட்டும் அமைந்ததன்று; அது ஒரு களஞ்சியம். முட்டையிடும் காலத்தை அண்மிய பெண் பறவைகள் ஈஸ்திரஜனின் தூண்டுதலால் என்பினுள்ளே கல்சியத்தை மேலதிகமாகச் சேமித்து, முட்டையோட்டுக்கு அதனைச் செலவிடுகின்றன. மனிதத் தாயும் பாலூட்டும் மாதங்களில் தன் என்பின் அடர்த்தியில் 3 முதல் 10 சதவீதம் வரை இழக்கின்றாள். பால் மறந்தபின் அவ்விழப்பு பெரும்பாலும் ஈடுசெய்யப்படுகின்றது. இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பும் இத்தகைய சேமிப்பே. பெண்ணுடலின் இவ்விரு களஞ்சியங்களும் அடுத்த தலைமுறையின் பொருட்டு நிறைந்தும் குறைந்தும் வந்தவை. கொடுக்கும் காலத்துக் குறைவை எவரும் நோய் என்பதில்லை.

ஓமோன்களுக்கு நாம் இட்ட பெயர்களே நம்மை வழிதவறச் செய்தன என்பதும் கவனிக்கத்தக்கது. ஈஸ்திரஜன் பெண் ஓமோன் எனவும் தெஸ்தெஸ்தரோன் ஆண் ஓமோன் எனவும் பெயர்பெற்றன. 1934இல் பேர்ன்ஹாட் சொண்டெக் என்னும் ஆய்வாளர், பெண்தன்மைக்குரியதெனப்பட்ட அந்த ஓமோன் ஆண் குதிரையின் சிறுநீரில் மிகப் பெருமளவில் இருப்பதை அறிவித்தார். அது விந்தையென வியக்கப்பட்டதேயன்றிப் பெயர் மாறவில்லை. 1994இல் 28 வயது ஆடவர் ஒருவரைப் பற்றிய மருத்துவ அறிக்கை வெளிவந்தது. அவர் 204 சென்ரிமீற்றர் உயரமானவர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். தோற்றத்தில் ஆண்மைக்குக் குறைவேதுமில்லை. ஆனால் ஈஸ்திரஜனை ஏற்றுக்கொள்ளும் வாங்கி மரபணுக் கோளாற்றினால் அவர் உடலில் தொழிற்படவில்லை. விளைவாக அவரது என்பின் முனைகள் மூடவில்லை. அடர்த்தியும் மிகக் குறைந்திருந்தது. ஆணின் என்பை முதிர்விப்பதும் காப்பதும் பெரும்பாலும் ஈஸ்திரஜனே என்பது அப்போது புலனாயிற்று. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆடவரில் தசையும் வலுவும் குறைவதற்குத் தெஸ்தெஸ்தரோனின் குறைவும், உடற்கொழுப்பு மிகுவதற்கு முதன்மையாக ஈஸ்திரஜனின் குறைவும் காரணமாதலைக் காட்டியது. அந்த 28 வயது இளைஞரின் நிலையை எவரும் இயற்கை எனக் கூறி விட்டுவிடவில்லை. கண்டமாத்திரத்தே நோய் எனக் கொண்டனர். எழுபது வயதுப் பெண்ணிடத்து அதே மெலிந்த என்பைக் காணும்போதுதான் நாம் தயங்குகின்றோம். தயக்கத்துக்குக் காரணம் என்பில் இல்லை; நம் மனத்திலுள்ள அளவுகோலில் உள்ளது.

திருக்குறளின் மருந்து அதிகாரம், மிகுதலும் குறைதலும் நோய் செய்யும் என்னும் கருத்தோடு தொடங்குகின்றது. மிகுதல் எதனின், குறைதல் எதனின் என்று கேட்டால், அளவொன்று முன்னரே கொள்ளப்பட்டிருத்தல் தெரியவரும். அதே அதிகாரத்தின் இறுதியையொட்டி, மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் நோயாளியின் அளவும், நோயின் அளவும், காலமும் தனித்தனியே கூறப்படுகின்றன. நோய்க்கோர் அளவு இருப்பது போலவே நோயாளிக்கும் ஓர் அளவு உண்டு என்னும் இக்கருத்தை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் எங்ஙனம் கையாண்டது என நோக்குவோம்.

கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்திரஜன் மாத்திரை 1942இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. (அதன் வணிகப் பெயரான பிரெமாரின் என்பதே அம்மூலத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஆக்கப்பட்டது, உட்கொண்டோருள் எத்தனை பேர் இதனை அறிந்திருந்தனரோ தெரியாது.) 1966இல் ரொபேட் வில்சன் என்னும் நியூயோர்க் மருத்துவர், பெண் என்றும் பெண்ணாகவே இருக்கலாம் என்னும் பொருள்பட்ட தலைப்பில் நூலொன்றை வெளியிட்டார். மாதவிடாய் நிற்றல் நீரிழிவைப் போன்றதொரு குறைபாட்டு நோய். இன்சுலின் இல்லாதவருக்கு இன்சுலினைக் கொடுப்பது போல ஈஸ்திரஜன் இல்லாதவளுக்கு ஈஸ்திரஜனைக் கொடுத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். நூல் பெருந்தொகையாக விற்பனையாயிற்று. அவரது முயற்சிகளுக்கு மருந்துக் கம்பனிகளின் நிதி கிடைத்தமை பின்னர் வெளிப்பட்டது. நிதியைக் காட்டி வாதத்தைத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது போதாது. வாதம் தவறாயின் அதன் தவறு எங்குள்ளது என்று காட்டவேண்டும்.

நீரிழிவாளனின் இன்சுலின் குறைவு அவன் வயதினர் எவரிடத்தும் இயல்பாகக் காணப்படாதது. மருந்தின்றி அவன் சாவான். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் ஈஸ்திரஜன் குறைவோ அவள் வயதினர் அனைவரிடத்தும் காணப்படுவது. அவள் இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்வாள். வில்சன் அவளை எவரோடு ஒப்பிட்டார்? இருபத்தைந்து வயதினளோடு. அந்த ஒப்பீட்டைச் செய்த கணமே அவள் நோயாளியாகிவிட்டாள். இதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அளவுகோலின் தெரிவு மட்டுமே உள்ளது. அந்நூலில் மாதர் மீதான பரிவாகத் தோன்றுவது, இளமை நீங்கிய பெண்ணுக்குப் பெறுமதியில்லை என்னும் பழைய ஆணாதிக்க எண்ணத்தின் மறுவடிவமே என்பது எமது முடிபு.

நோய் என்பதற்கு மெய்யியலார் தரும் வரைவிலக்கணங்கள் இரண்டு இவ்விடத்தில் பயன்படும். 1977இல் கிறிஸ்ரோபர் பூர்ஸ், நலம் என்பது உயிரினத்துக்குரிய இயல்பான தொழிற்பாடு. அவ்வியல்பு ஒத்த வயதும் ஒத்த பாலும் உடையோரின் புள்ளிவிபர அளவிலேயே தீர்மானிக்கப்படுவது என்றார். இங்கு விழுமியத்துக்கு இடமில்லை. எண்ணே தீர்ப்புச் சொல்லும். இதற்கு முன்னரே, 1943இல், பிரெஞ்சு மெய்யியலாளரும் மருத்துவருமாகிய ஜோர்ஜ் கங்கிலேம், சராசரியிலிருந்து நியமத்தைப் பெற முடியாது என வாதிட்டிருந்தார். உயிர் தன் சூழலோடு தானே நியமங்களை வகுத்துக்கொள்வது. நோயாளி தன் வாழ்வின் நியமம் ஒடுங்கிவிட்டதை உணர்ந்த பின்னரே மருத்துவம் வருகின்றது என்பது அவர் கொள்கை.

இவ்விவாதம் என்பு அடர்த்தியை அளக்கும் பொறியின் அறிக்கையிலேயே அச்சாகி வருகின்றது. அவ்வறிக்கையில் இரண்டு எண்கள் உண்டு. 'இசட்' எண், பரிசோதிக்கப்பட்ட பெண்ணை அவள் வயதொத்த பெண்களின் சராசரியோடு ஒப்பிடுவது. 'ரீ' எண், அவளை இளம்பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு, எத்தனை நியம விலகல் குறைந்திருக்கின்றாள் எனக் கூறுவது. எண்பது வயதுப் பெண்ணொருவரின் ரீ எண் நோய் என்று கூற, இசட் எண் பூச்சியத்திலிருந்து வெகுதூரம் விலகாது நிற்றல் சாதாரணம். பூர்ஸின் வழி நின்றால் இசட் எண்ணே நலத்தின் அளவு, அவள் நோயாளியல்லள். 1994இல் உலக சுகாதாரத் தாபனத்தின் ஆய்வுக்குழு தெரிந்தெடுத்ததோ ரீ எண்ணை. ரீ எண் −2.5 அல்லது அதற்குக் கீழாயின் அது என்பு நலிவு நோய் என அக்குழு வரையறுத்தது.

இத்தெரிவு வில்சனின் தெரிவைப் போன்றதே எனச் சிலர் கருதலாம். அவ்வாறன்று. வயதொத்தோரோடு ஒப்பிட்டால் எந்த வயதிலும் நோயாளிகளின் விகிதம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் முறியும் இடுப்புகளின் தொகையோ வயதோடு மடங்குமடங்காகப் பெருகுகின்றது. ஊரில் அனைவருக்கும் பல் சொத்தையாயின் சொத்தைப் பல்லே நலம் என்று கூறவேண்டிய நிலைக்குப் பூர்ஸின் வரைவிலக்கணம் நம்மைக் கொண்டுசேர்க்கும். பெரும்பான்மை ஒருபோதும் துன்பத்தை இயல்பாக்கிவிடாது. அக்குழு அளவுகோலைத் தேர்ந்தது முறிவை முன்வைத்தே. மாதவிடாய் நின்ற வெள்ளையினப் பெண்களுள் ஏறத்தாழ 30 சதவீதத்தினரை இக்கோடு அடையாளங் காட்டும். அது அவர்கள் வாழ்நாளில் இடுப்பு, முள்ளந்தண்டு, மணிக்கட்டு ஆகியவற்றில் முறிவடையக்கூடிய விகிதத்துக்கு அண்மித்தது. ஆகவே அது ஆதாரமற்ற கோடன்று. ஆயினும் அது மனிதர் கீறிய கோடே. இயற்கை −2.5 இல் எதனையும் கீறி வைக்கவில்லை. மெலிந்த என்பினாலாகும் முறிவுகளுட் பாதிக்கு மேற்பட்டவை கோட்டுக்கு மேலே உள்ளவர்களிடத்தே நிகழ்கின்றன. அவர்களே தொகையிற் பெரும்பாலோர். கோட்டுக்கு மேலே −1 வரையுள்ள பகுதிக்கும் ஒரு பெயர் இடப்பட்டமையால், நேற்றுவரை சுகதேகிகளாயிருந்த கோடிக்கணக்கான பெண்கள் ஓரிரவில் அரைநோயாளிகளாயினர். கோட்டின் ஒப்பீட்டுத் தொகுதி வெள்ளையின இளம்பெண்கள் என்பதையும் மறத்தலாகாது. கிளிநொச்சியிலோ பதுளையிலோ உள்ள ஒரு மூதாட்டியின் இடுப்பென்பு, அவள் ஒருபோதும் கண்டிராத நாட்டு யுவதியரின் அளவாலேயே பன்னாட்டு முறைப்படி மதிக்கப்படுகின்றது.

இவ்வளவும் கூறியபின், 'அப்படியாயின் இயற்கையை அதன்போக்கில் விடுவோம்' என்போர் தோன்றுவர். எமது சமூகத்தில் இத்தரப்பினரே மிகுதி. 'வயது போனால் அப்படித்தான்' என்பது எமது வீடுகளில் எத்தனையோ வேதனைகளுக்கு இறுதித் தீர்ப்பாக வழங்கப்படுகின்றது. இத்தீர்ப்பை வழங்குபவர் பெரும்பாலும் வேதனையை அனுபவிப்பவர் அல்லர். இடுப்பென்பு முறிந்த முதியோருள் ஐந்தில் ஒருவர் அளவில் ஓராண்டுக்குள் இறந்துபோகின்றனர். எஞ்சியோருள் பலர் முன்போல நடப்பதில்லை. பிரசவத்தில் பெண்கள் இறத்தலும் ஒருகாலத்தில் இயற்கையெனவே கொள்ளப்பட்டது. இயற்கை என்பது நிகழ்ச்சியைக் குறிக்கும் சொல். நிகழ்ச்சியை நியாயப்படுத்தும் சொல்லன்று.

மருத்துவம் தானே இக்குறைவை வலிந்து உண்டாக்கும் சந்தர்ப்பமும் உண்டு என்பதை இங்கு நினைவுகூரலாம். ஆண்பால் ஓமோனை நீக்கினால் முன்னிற்கும் சுரப்பியின் புற்றுநோய் தணியும் என்பதைச் சாள்ஸ் ஹகின்ஸ் 1941இல் காட்டினார்; 1966இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இன்றும் அச்சிகிச்சை நடைமுறையில் உள்ளது. அதற்குட்படும் ஆடவரின் என்பு மெலிகின்றது, கொழுப்பு மிகுகின்றது. மறுபுறம், சத்திரசிகிச்சையினாலோ வேறு காரணத்தினாலோ முப்பத்தைந்து வயதில் சூலகத்தை இழந்த பெண்ணுக்கு அதே ஓமோனைத் திருப்பிக் கொடுத்தலே மருத்துவ நியமம். ஒரே இரசாயனக் குறைவு ஓரிடத்தில் நோய், ஓரிடத்தில் சிகிச்சை, இன்னோரிடத்தில் வயது. ஆகவே குறைபாடு என்பது குருதியில் மட்டும் அளந்து கண்டுகொள்ளப்படுவதன்று. யாருக்கு, எப்போது, எதன் பொருட்டு என்னும் வினாக்களுக்கு விடை தெரியாமல் அச்சொல்லுக்குப் பொருளே இல்லை.

இவ்வினாக்களுக்கு விடைகூறுவார் யார்? 1975இல் வெளியான இரு ஆய்வுகள், ஈஸ்திரஜன் மாத்திரையைத் தனியே உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பை உட்சுவரின் புற்றுநோய் பன்மடங்காதலைக் காட்டின. அதன்பின் கருப்பையுள்ளோருக்குப் புரொஜெஸ்தரோன் வகை ஓமோனும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இளமை என்னும் ஆசைச்சொல் பின்வாங்க, என்பைக் காத்தல் என்னும் மதிப்பான நோக்கம் முன்வந்தது. இருதயத்தையும் காக்கும் எனப் பலர் நம்பினர். 16,608 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்த்திய பெரும் பரிசோதனை 2002 ஜூலையில் இடைநடுவே நிறுத்தப்பட்டது. அதன் கணக்கு இது: ஈரோமோன் மாத்திரையை உட்கொண்ட 10,000 பெண்களில் ஓராண்டில், உட்கொள்ளாதோரைவிட 8 பேருக்கு மார்பகப் புற்றுநோயும், 8 பேருக்குப் பாரிசவாதமும், 8 பேருக்கு நுரையீரலில் குருதிக்கட்டியும், 7 பேருக்கு இருதய நோயும் மேலதிகமாக ஏற்பட்டன; 5 பேருக்கு இடுப்பென்பு முறிவும், 6 பேருக்குப் பெருங்குடற் புற்றுநோயும் குறைந்தன.

இவ்வெண்களை இரண்டு விதமாகச் சொல்லலாம். 'இடுப்பு முறிவு மூன்றிலொரு பங்கு குறைந்தது' என்பது ஒன்று. '15 ஆக இருந்தது 10 ஆயிற்று, பத்தாயிரத்தில்' என்பது மற்றொன்று. 'மார்பகப் புற்றுநோய் கால்வாசிக்கு மேல் கூடியது' என்பது ஒன்று; '30 ஆக இருந்தது 38 ஆயிற்று' என்பது மற்றொன்று. நான்கும் உண்மை. நன்மையை விகிதத்திலும் தீமையைத் தொகையிலும் சொன்னால் கேட்பவள் மாத்திரையை விழுங்குவாள். மாற்றிச் சொன்னால் வீசிவிடுவாள். பொய் ஒரு சொல்லும் இல்லாமலே ஒருவரின் தெரிவைத் திருடிவிட இயலும். 2002இன் பின்னர் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. பரிசோதனைக்குட்பட்டோரின் சராசரி வயது 63. அம்முடிவு ஐம்பது வயதுப் பெண்கள்மீதும் அப்படியே சுமத்தப்பட, உறக்கமின்றியும் உடல் தகித்தும் தவித்த பலர் மருந்தைக் கைவிட்டனர். அறுபது வயதுக்குட்பட்டோருக்கு, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குவோருக்குத் தராசு வேறுவிதமாகச் சாய்கின்றது என்பது பின்னைய பகுப்பாய்வுகளில் தெரிந்தது. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்திரஜனை மட்டும் உட்கொண்டோரில் மார்பகப் புற்றுநோய் கூடவுமில்லை. 18 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த 2017இன் அறிக்கை, மருந்தை உட்கொண்டோருக்கும் உட்கொள்ளாதோருக்கும் மொத்த இறப்பில் வேறுபாடில்லை என்றது. 2022இல் அமெரிக்க நோய்த்தடுப்பு நிபுணர் குழு, நாட்பட்ட நோய்களைத் தடுப்பதற்கென மட்டும் இம்மருந்தை வழங்கலாகாது என்றது. 2025 நவம்பரில் அதே நாட்டின் உணவு, மருந்து நிருவாகம் இம்மருந்துகளின் உறையிலுள்ள கடும் எச்சரிக்கையை நீக்கப்போவதாக அறிவித்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒன்று நாளை வரக்கூடிய முறிவையும், மற்றொன்று இன்று வருத்தும் தகிப்பையும் மனத்திற்கொண்டு பேசுகின்றன.

முன்னர் கூறிய உண்மைக்கு இப்போது மீளலாம். என்பைக் காப்பது மார்பகத்துக்கு ஊறாகலாம்; மார்பகத்தைக் காப்பது என்புக்கு ஊறாகலாம். உடலுக்கு நலம் என்ற ஒற்றைப் பொருள் இல்லை; ஒன்றோடொன்று மோதும் நலங்கள் பல உள்ளன. இடுப்பு முறிந்து பிறர் கையில் வாழ்வதையும் புற்றுநோய் வந்து இறப்பதையும் ஒரே படிக்கல்லால் நிறுக்கும் தராசு விஞ்ஞானத்திடம் இல்லை. தாயைப் புற்றுநோய்க்குக் கொடுத்த மகள் ஒருவிதமாக நிறுப்பாள். தனியே வாழ்ந்து, தன் கிணற்றில் தானே நீரள்ளுபவள் இன்னொருவிதமாக நிறுப்பாள். இருவரையும் பிழையெனச் சொல்ல மருத்துவருக்கு அறிவுமில்லை, அதிகாரமுமில்லை. ஓமோனைத் தவிர வேறு மருந்துகளும், நடையும், போதிய கல்சியமும், விழாதிருக்கும்படி வீட்டை ஒழுங்குசெய்தலும் வழிகளாக உள்ளன. அவற்றுக்கும் ஏற்ற நிறை உண்டு. குறைபாடு என்ற சொல்லும் இயற்கை என்ற சொல்லும் எதிரெதிராய்த் தோன்றினும் ஒரே வேலையையே செய்கின்றன: அப்பெண் நிறுக்குமுன்னரே அவளுக்காக நிறுத்துவிடுகின்றன.

எமது நாட்டில் இது தூரத்துப் பிரச்சினையன்று. 1981இல் மொத்தச் சனத்தொகையில் 6.6 சதவீதமாயிருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 2012இல் 12.4 சதவீதமாயினர், அவர்களுட் பெண்களே அதிகம். இலவச வைத்தியசேவை அவர்களை வைத்தியசாலை வாசல்வரை கொண்டுசெல்கின்றது. உள்ளே நடப்பதென்ன? அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. அதன் பொருள் மகனுக்குக் கூறப்படுகின்றது. மகன் தாய்க்கு 'மருந்து போடச் சொன்னவை' என்று கூறுகின்றான். அல்லது 'பயப்பட ஒன்றுமில்லை, வயதுதான்' என்கின்றான். குடும்பம் சேர்ந்து முடிவெடுத்தல் எமது மரபென்று இதனைப் போற்றுவோர் உளர். சேர்ந்து முடிவெடுத்தலில் எமக்கும் ஆட்சேபமில்லை. என்புக்குரியவள் அச்சேர்க்கையில் ஒருத்தியாயிருக்கின்றாளா என்பதே கேள்வி. திருக்குறளின் அவ்வதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயாளியையே முதலில் வைத்து எண்ணுகின்றது. எமது விடுதிகளில் அவர் நான்காவதாகவும் எண்ணப்படுவதில்லை.

படிப்பறிவு குறைந்த மூதாட்டிக்குப் பத்தாயிரத்தில் ஐந்து, பத்தாயிரத்தில் எட்டு என்று விளக்குதல் நடைமுறைக்கு ஒவ்வாது என மருத்துவபீட நண்பர்கள் சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். இவ்வாதத்தை நாம் எளிதில் ஏற்பதற்கில்லை. இருபது பேரைச் சேர்த்துச் சீட்டுப் பிடித்தவள் அவள். எவள் கட்டுவாள், எவள் கட்டாமற் போவாள், எந்த மாதம் கழிவு எவ்வளவுக்குப் போகும், மகளின் கலியாணத்துக்கு முன் எடுப்பதா பின் எடுப்பதா என்று ஆண்டாண்டாகக் கணித்து, நட்டமின்றிக் குடும்பத்தை நடத்தியவள். அவளுக்கு நிகழ்தகவு விளங்காது என்று சொல்பவர், அவளிடம் அதனைத் தமிழில் எத்தனை முறை சொல்லிப் பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.